ஐந்து பிராங் மனிதனின் சட்டை

சுவிற்சர்லாந்தில் சில காலமாவது வாழ்ந்தவர்களுக்கு ஐந்து பிராங் நாணயம் நன்கு பழக்கமானது. ஒரு பக்கத்தில் சிலுவை பொறித்த கேடயம். மறுபக்கத்தில் ஓர் ஆணின் முகம். 1986 இல் நான் இங்கே வந்த புதிதில், அது வில்ஹெல்ம் டெல் என்று அறையில் கூட இருந்த நண்பர் ஒருவர் சொன்னார். மகனின் தலையில் வைத்த அப்பிளை அம்பால் அடித்தவனின் கதை ஊரிலேயே பள்ளிப் புத்தகத்தில் படித்ததுதான். ஆகவே நானும் நம்பினேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, ஜேர்மன் மொழி வகுப்பு எடுத்த அம்மையார் ஒருவர் அந்த நாணயத்தை மேசையில் வைத்து, "முகத்தை விடுங்கள், கழுத்தைப் பாருங்கள்" என்றார். பார்த்தோம். கழுத்தைச் சுற்றித் தடித்த மடிப்பாக ஒரு துணி கிடந்தது. அது தலைக்குப் போடும் முக்காடு. சட்டையோடு சேர்த்துத் தைத்தது. வேலை இல்லாதபோது பின்னால் தள்ளிவிடப்படுவது. அந்த மனிதன் டெல் அல்ல, ஆல்ப்ஸ் மலையின் ஒரு மாட்டு மேய்ப்பன். 1922 இல் பௌல் புர்க்ஹார்ட் என்ற சிற்பி வடித்த உருவம் அது. 1931 இல் நாணயம் சிறிதாகியது, பின்னர் வெள்ளி போய்ச் செம்பும் நிக்கலும் வந்தன. மேய்ப்பன் மட்டும் மாறாமல் இருக்கிறான். அவனுக்குப் பெயர் கிடையாது. சட்டைதான் உண்டு.

இந்தக் கட்டுரை அந்தச் சட்டையைப் பற்றியது. அதன் உறவினர்களான வேறு சில உழைப்புடைகளையும் வேட்டையுடைகளையும் கூடவே தொட்டுப் போகிறேன்.

மத்திய சுவிஸின் ஊரி, சுவிட்ஸ், உன்டர்வால்டன் பகுதிகளில் இதை ஹிர்ட்ஹெம்ட் என்பார்கள், பேச்சில் ஹிர்த்ஹெம்லி. 'மேய்ப்பன் சட்டை' என்பதுதான் பொருள். மற்ற உடுப்புகளுக்கு மேலே, தலைவழியாக இழுத்துப் போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கி. பொத்தான் வரிசை கிடையாது. நெஞ்சில் ஒரு பிளவு, அகன்ற கைகள், இடுப்புக்குக் கீழே இறங்கும் நீளம், முதுகுப்புறம் முக்காடு.

பேர்ணில் ஒரு பழைய பொருட் சந்தையில் இப்படி ஒன்றை இருபத்தைந்து பிராங்குக்கு வாங்கினேன். துவைத்துத் துவைத்து மஞ்சளித்த சணல்நார்த் துணி. கையில் எடுத்தால் பாரம் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து தையலை உள்ளும் புறமும் ஆராய்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது: அதில் வளைந்த வெட்டு என்று எதுவுமே இல்லை. உடல் ஒரு நீள்சதுரம். கைகள் இரண்டு நீள்சதுரம். அக்குளில், கை தூக்கினால் கிழியாதிருக்க, ஒரு சிறு சதுரத்துண்டு. முக்காடும் மடித்துத் தைத்த இன்னொரு நீள்சதுரமே. கைத்தறியில் என்ன அகலத்துக்குத் துணி வந்ததோ அந்த அகலமே உடம்பின் அகலம். வீட்டிலே பயிரிட்டு, ஊறவைத்து, அடித்து, நூற்று, நெய்த துணியில் ஒரு சாண் வெட்டி எறிவது எந்த உழவன் வீட்டுப் பெண்ணுக்கும் மனம் வராத காரியம். வேட்டியையும் சேலையையும் வெட்டாமலே உடுத்த நமக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

ஆங்கிலேய உழவர்களின் 'ஸ்மொக்' என்ற மேலங்கியும் இதே கணக்குத்தான். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் தென் இங்கிலாந்தில் ஏர் உழுதவர், ஆடு மேய்த்தவர், வண்டி ஓட்டியவர் எல்லோரும் அணிந்தது. அகலமான துணியை நெஞ்சிலும் கைமணிக்கட்டிலும் சிறு சிறு கொசுவமாகச் சேர்த்து, அந்தக் கொசுவத்தின் மேலே நூல் வேலை செய்வார்கள். பல அங்கிகளுக்கு முன்னும் பின்னும் ஒன்றே. முன்பக்கம் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். யந்திரங்கள் வயலுக்கு வந்தபின் தொளதொளத்த உடை ஆபத்தாகி வழக்கொழிந்தது. இந்தக் கொசுவத் தையல்தான் ஸ்மொக்கிங் என்ற பெயரில் யாழ்ப்பாணத்துச் சிறுமிகளின் பிறந்தநாள் சட்டைகளில் ஏறி உட்கார்ந்தது. என் தங்கைக்கு அம்மா இரவிரவாக இருந்து அப்படி ஒன்று தைத்தது எனக்கு நினைவிருக்கிறது. ஏர் பிடித்தவனின் சட்டைத் தையல் அது என்று அம்மாவுக்கும் தெரியாது, அதைச் சொல்லிக்கொடுத்த தையல் ரீச்சருக்கும் தெரிந்திருக்காது.

இந்த உடுப்புக்குத் தமிழில் என்ன சொல்வது என்று சில நாள் மண்டையை உடைத்தேன். தைத்த மேலாடைக்கு நம்மிடம் பழைய சொற்கள் உண்டு. ஆனால் அவை யார் மேல் கிடக்கின்றன என்று பாருங்கள். முல்லைப்பாட்டில் மெய்ப்பை அணிந்து நிற்பவன் பாசறையைக் காக்கும் யவனன். சீவக சிந்தாமணியில் குப்பாயம் மிலேச்சனுக்கு உரியது. நம்மூர் உழவனும் வேட்டுவனும் மேலுக்கு ஒன்றும் போடாமலே வேலை செய்தவர்கள், வெயில் அப்படி. தைத்த சட்டையென்றால் அந்நியன் என்று இலக்கியம் நினைத்ததில் வியப்பில்லை.

ஆனால் மழைக்கு நம்மிடமும் ஒன்று இருந்தது. கொங்காணி. சாக்கின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளி, கூம்பாக்கித் தலையில் கவிழ்த்தால் முதுகு முழுக்க மூடும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கம்பளியை இப்படி மடித்துப் போட்டுக்கொண்டு மலையேறிய தொழிலாளரின் பழைய படங்களைப் பார்த்திருக்கிறேன். ஊரி மலைக்காரனின் வெள்ளை முக்காட்டையும் அந்தக் கம்பளிக் கொங்காணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டு பேருக்கும் முதுகில் சுமை, காலடியில் சரிவு, தலைக்குமேல் மழை. வடிவம் ஒன்றாக வந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

ஊரிக்காரனின் சுமை என்ன என்று சொல்லவேண்டும். மாடு ஏற முடியாத செங்குத்தான சரிவுகளிலும் புல் முளைக்கும். அது யாருக்கும் தனிச்சொந்தமில்லாத பொதுப்புல். சொந்தமாக நிலம் போதாத ஏழைகள் கோடையின் பிற்பகுதியில் அங்கே போய் அரிவாளால் அறுத்து, காயவைத்து, வலையில் கட்டி, தலையிலும் தோளிலும் தூக்கிவந்து சேர்ப்பார்கள்; பிற்காலத்தில் கம்பிவடத்தில் கொழுவிப் பள்ளத்தாக்குக்கு வழுக்கிவிட்டார்கள். காலில் முள்ளிரும்பு கட்டியிருப்பார்கள். கால் தவறினால் கதை முடிந்தது. காய்ந்த புல்லை ஒருமுறையாவது பிடரியில் சுமந்தவர்களுக்குத் தெரியும், அதன் துரும்பு சட்டைக்குள் இறங்கினால் என்ன பாடு படுத்தும் என்று. கயிறு தோளை அறுக்கும். வியர்வையில் துரும்பு ஒட்டும். முக்காடு அதற்குத்தான். குளிருக்கு என்று நினைத்திருந்தேன், முழுக்கச் சரியில்லை. கொளுத்தும் ஓகஸ்ட் வெயிலிலும் அது தலையில் இருந்தது.

பிரெஞ்சு மொழி பேசும் கிரியேர் பகுதிக்குப் போனால் உடுப்பு வேறாகிவிடுகிறது. அங்கே பாலைக் காய்ச்சிப் பாற்கட்டி செய்யும் மலைக்காரனை ஆர்மாயி என்பார்கள். அவன் போடுவது பிரெட்சோன் என்ற குட்டைச் சட்டை. கை தோளில் பலூன்போலப் பொம்மி, முழங்கைக்கு மேலேயே முடிந்துவிடும். முதலில் பார்த்தபோது பெண்களின் ரவிக்கையை ஆண் போட்டிருப்பதுபோல எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பெரிய செப்புக் கொப்பரைக்குள் கையை விட்டுத் திரண்ட பாலை அள்ளுகிறவனுக்கு நீளக்கை எதற்கு? பொம்மிய தோள், கையை எந்தப் பக்கம் வீசினாலும் இழுக்காது. தலையில் கப்பே என்ற சிறு வைக்கோற் தொப்பி, தோளில் மாட்டுக்கு உப்புக் கொடுக்கும் தோற்பை. இன்று பிரெட்சோனின் கழுத்துப்பட்டியில் எடெல்வைஸ் பூவைப் பட்டுநூலில் தைக்கிறார்கள். 2019 இல் வெவேயில் நடந்த திராட்சைத் தோட்டக்காரர் பெருவிழாவில் ஆர்மாயிகள் கூடி நின்று மாடு அழைக்கும் பாட்டைப் பாடியபோது அரங்கமே எழுந்து நின்றது. பேர்ண் பகுதியிலும் இதற்கு ஒரு சகோதரன் உண்டு: முட்ஸ் என்ற கறுப்பு வெல்வெட் குட்டைச் சட்டை. இன்று ஜோடல் பாடகர்கள் அணிகிறார்கள். வெல்வெட்டில் யாரும் மாடு கறக்கமாட்டார்கள் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வெள்ளைக்குப் பின் நீலம். பிரான்சின் உழவர்களும் வண்டிக்காரரும் தொழிலாளரும் அணிந்த நீலப் புளூஸ் என்ற தொளதொளத்த மேற்சட்டை பத்தொன்பதாம் நூற்றாண்டில் எல்லை கடந்து சுவிஸுக்குள் வந்தது. பேர்ண், லூட்சேர்ன் பக்கங்களில் அதை புர்குண்டர், அதாவது பர்கண்டிக்காரன், என்றே அழைத்தார்கள். மாட்டு வியாபாரிகளின் உடை அது. கழுத்திலும் தோளிலும் வெள்ளை நூலில் சிறு வேலைப்பாடு. மற்றபடி சாணி பட்டாலும் தெரியாத கடும்நீலம்.

இந்த நீலத்துக்குள் நம்மவர் வியர்வையும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகச் சந்தையின் அவுரிச் சாயத்தில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. வங்காளமும் பீகாரும் முன்னணியில்; சென்னை மாகாணத்திலும் அவுரி விளைந்தது. 1897 இல் ஜேர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின்தான் அந்த வயல்கள் சரிந்தன. காந்தி 1917 இல் சம்பாரணுக்குப் போனது இந்த அவுரிக்காரரின் வழக்குக்காகத்தான். ஐரோப்பியத் தொழிலாளியின் அடையாளமான நீலச் சட்டைக்கு இன்னொரு கண்டத்தின் குடியானவன் கட்டாயத்தின் பேரில் சாயம் விளைவித்துக் கொடுத்திருக்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார்.

பாசல் நகரத்தில் இந்த நீலச் சட்டைக்கு வேறொரு வாழ்வு. பக்கத்து அல்சாஸிலிருந்து காய்கறி கொண்டுவந்து விற்கவும் கூலிவேலை செய்யவும் வந்த உழவர்களைப் பாசல்காரர் 'வகிஸ்' என்றார்கள். நாடோடி, உதவாக்கரை என்ற மாதிரியான சொல். பாசலின் பஸ்னாக்ட் திருவிழாவில் இன்றைக்கும் மிகப் பிரபலமான வேடம் இந்த வகிஸ்தான்: நீலப் புளூஸ், வெள்ளைக் காற்சட்டை, சிவப்புக் கழுத்துத்துணி, மரச் செருப்பு, சேர்த்துப் பார்த்தால் பிரெஞ்சுக் கொடி. முகமூடியில் முழநீள மூக்கு, பரட்டைத் தலை. வண்டியில் நின்று கூட்டத்தைக் கிண்டலடித்து, தோடம்பழம் எறிந்து, பிடிபட்டவர் கழுத்துக்குள் வண்ணக் கடதாசித் துண்டுகளைத் திணிப்பான். 2017 இல் யுனெஸ்கோ இந்தத் திருவிழாவைத் தன் பட்டியலில் சேர்த்தது. முதல்முறை பார்த்தபோது நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். வகிஸ் யார் என்று தெரிந்தபின் பார்த்தபோது அவ்வளவு சிரிக்க முடியவில்லை. காய்கறி விற்க வந்த ஏழையின் வேலைச் சட்டை இன்னொருவனுக்கு விகட வேடம். ஆனால் அந்த வேடத்துக்குள் இருப்பவன்தான் அன்று நகரத்தில் யாரையும் எதுவும் சொல்லலாம் என்பதையும் மறுக்கக்கூடாது.

இனி வேட்டைக்காரன். கதைப்படி டெல் ஒரு மலை வேட்டைக்காரன். பதினாறாம் நூற்றாண்டுப் படங்களில் அவன் அந்தக் காலத்துப் போர்வீரரின் நாகரிகத்தில், கீறி வீங்கவைத்த கைகளும் ஒட்டிய காலுறையுமாக நிற்பான். 1895 இல் அல்ட்டோர்ஃப் நகரில் ரிச்சர்ட் கிஸ்லிங் எழுப்பிய வெண்கலச் சிலையில்தான் இன்றைய டெல் உறுதியானான்: குறுக்குவில்லைத் தோளில் வைத்து, பக்கத்தில் மகனை அணைத்து, முக்காடு வைத்த மேய்ப்பன் சட்டையில். ஆக, நாணயத்து மேய்ப்பனை டெல் என்று நினைத்ததில் எங்கள் குற்றம் மட்டும் இல்லை. சிற்பிகளே இருவருக்கும் ஒரே சட்டையைப் போட்டுவிட்டார்கள்.

அதில் பொருத்தமும் உண்டு. ஐரோப்பாவின் பிரபுக்கள் தம் வேட்டைக்கென்று பச்சைக் கோட்டும் பொற்பொத்தானும் வைத்திருந்தார்கள். இங்கே மலையாட்டை வேட்டையாடியவன் பெரும்பாலும் கோடையில் மாடு மேய்த்தவனே. அவனுக்கு வேட்டைக்கென்று தனி உடுப்பு ஏது? மலையில் வேட்டை அளவு மீறவே, கிளாருஸ் மாநிலம் 1548 இலேயே கேர்ஃப் மலைப்பகுதியில் வேட்டையைத் தடைசெய்தது. ஐரோப்பாவின் மிகப் பழைய காட்டுவிலங்குக் காப்பிடம் அதுதான் என்பார்கள். நாடு முழுவதற்குமான வேட்டைச் சட்டம் 1875 இல் வந்தது.

வேட்டைச் சட்டை ஒன்று தனி உருவமாக வளர்ந்தது அத்திலாந்திக்குக்கு அப்பால். அமெரிக்க எல்லைப்புறக் குடியேறிகள் அணிந்த ஹன்டிங் சேட் என்பது, அதே நீள்சதுரக் கணக்கில் தைத்து, முன்புறம் முழுக்கத் திறந்து, இடைவாரால் இறுக்கி, தோளில் ஒரு மேற்போர்வையும் ஓரமெல்லாம் குஞ்சமுமாக இருந்தது. 1776 ஜூலை 24 இல் ஜோர்ஜ் வாஷிங்டன் தம் படைக்குச் சீருடை வாங்க வழியில்லாத நிலையில் இந்தச் சட்டையையே பரிந்துரைத்து ஆணை வெளியிட்டார். மலிவு, வசதி என்பதோடு அவர் சொன்ன இன்னொரு காரணம் சுவையானது: இதை அணிந்தவன் எல்லாம் குறி தப்பாதவன் என்று எதிரி நம்புகிறான், ஆகவே பார்த்ததுமே பயப்படுவான். சட்டையின் பெயரை வைத்தே போர் செய்யப் பார்த்த தளபதி.

வேலையுடை அருங்காட்சியகத்துக்குப் போவது அரிது. கிழியும்வரை போட்டு, கிழிந்தபின் தரைதுடைக்கும் துணியாகி முடிந்துவிடும். எஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை உடுப்பு. யூலி ஹையர்லி என்ற பெண்மணி 1922 முதல் 1932 வரை ஐந்து தொகுதிகளாகச் சுவிஸ் மக்களின் மரபுடைகளை எழுதி வைத்தார். 1926 இல் மரபுடைச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. இதற்குப் பிறகு பழைய வேலைச் சட்டைகள் பூத்தையலோடு மேடைக்கு வந்தன. மேய்ப்பன் சட்டையும் வெள்ளைவெளேரென்று, கழுத்துக்குப் பூவேலையுடன், விழாக்களில் மாட்டுமணி தூக்கி நடப்போரின் சீருடையானது.

இன்று கடைகளில் கிடைக்கும் எடெல்வைஸ் சட்டை இவற்றில் கடைக்குட்டி. இளநீலப் பருத்தியில் பூவை நெய்த சாதாரண சேட். இங்கத்தைய மல்யுத்தமான சுவிங்கனில், மேய்ப்பர் வழிவந்தவர் நிறச்சட்டையும் தேகப்பயிற்சிக் கழகத்தவர் வெள்ளையும் அணிவது வழக்கம். எடெல்வைஸ் சட்டை முன்னவருடையது. எனக்கு அதனோடு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. தொண்ணூறுகளில் ஒரு மலைக்கிராம ஹோட்டலில் கோப்பை கழுவினேன். பரிமாறுபவர்களுக்கு எடெல்வைஸ் சட்டை. எங்களுக்கு ரப்பர் முன்றானை. ஒரு ஞாயிறு ஆள் போதாமல் போக, நான் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறேன் என்றேன். சட்டை ஒன்றைக் கேட்டேன். பொறுப்பாளர் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்: "விருந்தினர்கள் அந்தச் சட்டையில் உன்னை எதிர்பார்க்கமாட்டார்கள்." நான் உள்ளே போய்விட்டேன். அன்று அந்தச் சட்டையைப் போட்டிருந்தவர்களில் இருவர் போர்த்துக்கல்காரர் என்பது பிறகுதான் உறைத்தது.

2015 டிசம்பரில் சூரிச் மாநிலத்து கோசாவ் ஊரில் எடெல்வைஸ் சட்டையோடு வகுப்புக்கு வந்த மாணவர்களை, அது மற்றவரைச் சீண்டுவதாகும் என்று ஓர் ஆசிரியர் மாற்றிவரச் சொல்ல, நாடே இரண்டுபட்டது. 2021 இல் கொரோனாக் கட்டுப்பாடுகளை எதிர்த்தோர் மேய்ப்பன் சட்டையில் பெரிய மணிகளைக் குலுக்கிக்கொண்டு நகரங்களில் ஊர்வலம் போனார்கள். அந்த செப்டெம்பரில் அப்போதைய நிதியமைச்சர் உவேலி மௌரர் அக்குழுவின் சட்டையோடு படத்துக்கு நிற்க, அரசுக்குள்ளேயே சலசலப்பு. அறுத்த புல்லின் துரும்பு குத்தாதிருக்கத் தைத்த துணி என்பது யாருக்கும் நினைவிருந்ததாகத் தெரியவில்லை. என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்வலப் படங்களைப் பார்த்தபின் நான் வாங்கிய சட்டையைச் சில மாதம் அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்தேன். வெளியே போட்டால் யாரைச் சேர்ந்தவன் என்று நினைப்பார்களோ என்ற யோசனை.

பிறகு எடுத்தேன். நகரசபையிடம் வாடகைக்கு எடுத்த சிறு தோட்டத்தில் பயிற்றங்காயும் மிளகாயும் வைத்திருக்கிறேன். தூறலில் குனிந்து வேலை செய்ய அதைப்போல வசதியான உடுப்பு கிடையாது. ஒருநாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு களை பிடுங்கும்போது, அடுத்த துண்டுக்காரர், ஊரியில் பிறந்து வளர்ந்த கிழவர், வேலியோரம் வந்து நின்று நெடுநேரம் பார்த்தார். எனக்கு அந்தப் பழைய ஹோட்டல் நினைவு வந்தது. அவர் கேட்டது வேறு. "இடது தோளில் ஏன் இரட்டை ஒட்டுப் போட்டிருக்கிறது?" நான் கவனித்ததே இல்லை. வலது தோள் ஒற்றைத் துணி. இடது தோளில் இரண்டு ஒட்டு. கயிற்றை எல்லோரும் வலது தோளில்தான் போடுவார்கள் என்றும், இதை உடுத்தவன் இடக்கையனாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார். கீழ்விளிம்பைத் திருப்பி, சிவப்பு நூலில் இருந்த இரண்டு எழுத்துகளையும் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்தார். துவைக்கப் போட்டால் மாறாதிருக்க வைத்த அடையாளம் அது. அந்த எழுத்துகளில் அவருக்கு ஆள் யாரும் பிடிபடவில்லை.

போகும்போது திரும்பி வந்து, முக்காடு கண்ணை மறைக்காதிருக்க முன்விளிம்பை இரண்டு விரற்கடை உள்ளே மடிக்கவேண்டும் என்று மடித்துக் காட்டிவிட்டுப் போனார்.